இனிப்புப் பலகாரத்தின் பெயரில் ஒரு பீர்: முதன்முதலாக ருசிப்பவர்களுக்கு

நான் முதன்முதலாக ஒரு டெசர்ட் பீரை, அதாவது இனிப்புப் பலகாரம் போல ருசிக்கக் காய்ச்சிய பீரை, குடித்தது நண்பர் ஒருவர் வீட்டில், ஒரு குளிர்கால இரவில். லேபிளில் க்ரெம் ப்ரூலே என்று ஒரு பிரெஞ்சு இனிப்பின் பெயர் போட்டிருந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு திறந்து, பாட்டிலை வாயில் வைத்து இரண்டு மடக்கு குடித்தேன். இருமல் சிரப் ஞாபகம்தான் வந்தது. மீதியை ஒரு கிளாஸில் ஊற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பேச்சில் மூழ்கிவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து, கழுவப் போடலாம் என்று கிளாஸைத் தூக்கியபோது அதிலிருந்து வந்த வாசனை என்னை அப்படியே நிறுத்தியது. பால்கோவா கிண்டும்போது அடிபிடிக்கத் தொடங்குகிற அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, அதே வாசனை. ஒரு வாய் குடித்தேன். இனிப்புக்குக் கீழே, முதல் டிகாக்ஷன் போலக் கெட்டியாக ஒரு கசப்பு இருந்தது. அதே பாட்டில், அதே பீர்.

இந்த வகை பீரில் இனிப்பைக் கண்டுபிடிக்க யாருக்கும் வழிகாட்டி தேவைப்படாது. அது தானாகவே வந்து நாக்கில் உட்கார்ந்துகொள்ளும். அந்த இனிப்பைத் தாங்கிப் பிடிக்கிற கசப்பைக் கண்டுபிடிக்கத்தான் கொஞ்சம் பொறுமையும் ஒரு முறையும் வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்காகத்தான். மது அருந்தும் சட்டப்பூர்வ வயதை எட்டியவர்களுக்காக எழுதுகிறேன். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அமெரிக்காவிலும் அது 21.

இந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது

முதலில் இதைத் தெரிந்துகொண்டால் பிறகு வாயில் படுவது எதுவுமே புதிராக இருக்காது. டெசர்ட் பீர்களில் பெரும்பாலானவை ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர் குடும்பம். பார்லியை முளைகட்டிக் காயவைத்தால் மால்ட். அதில் ஒரு பகுதியைக் காப்பிக்கொட்டை போலக் கருக வறுத்துச் சேர்த்தால் ஸ்டவுட்டின் நிறமும் கசப்பும் வந்துவிடும். 18-ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து ரஷ்ய அரசவைக்கு அனுப்பப்பட்ட கனமான கறுப்பு பீர்களின் வழியில் வந்ததுதான் இன்றைய இம்பீரியல் ஸ்டவுட்.

இனிப்பு வந்தது இன்னொரு வழியில். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்து ஹைத் ஊரில் இருந்த மேக்கசன் ஆலை, பாலிலிருந்து எடுத்த சர்க்கரையான லாக்டோஸைச் சேர்த்து மில்க் ஸ்டவுட் காய்ச்சியது. பீர் ஈஸ்ட் கரும்புச் சர்க்கரையைத் தின்றுவிடும், மால்ட் சர்க்கரையையும் தின்றுவிடும். லாக்டோஸைத் தின்ன அதற்கு வழியில்லை. அதனால் அது அப்படியே பீரில் தங்கிவிடுகிறது. லாக்டோஸின் இனிப்பு சாதாரணச் சர்க்கரையைவிட மிகக் குறைவு. ஆனால் பாலேடு போல ஒரு வழவழப்பைக் கொடுக்கும். அந்தக் காலத்தில் மில்க் ஸ்டவுட்டை உடம்பு தேற்றுகிற பானம் என்றே விளம்பரப்படுத்தினார்கள்.

1990-களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை, போர்பன் விஸ்கி இருந்த மரப்பீப்பாயில் இம்பீரியல் ஸ்டவுட்டை ஊறவைத்தது. ஓக் மரத்திலிருந்தே வனிலா வாசனையும் தேங்காய் வாசனையும் இறங்கும் என்பதைப் பலர் அப்போதுதான் ருசித்து அறிந்தார்கள். அப்புறம் அமெரிக்க ஆலைகள் ஒவ்வொன்றாக வனிலா, கோகோ நிப்ஸ் என்கிற உடைத்த கோகோ விதை, காப்பி, தேங்காய், மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சிய மேப்பிள் சிரப் என்று நேரடியாகவே சேர்க்க ஆரம்பித்தன. இந்த பீர்களுக்குப் பேஸ்ட்ரி ஸ்டவுட் என்பது முதலில் கேலியாக வைத்த பெயர். இப்போது அதுவே வகையின் பெயராக நிலைத்துவிட்டது.

ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். லேபிளில் உள்ள பலகாரம் பெரும்பாலும் பீருக்குள் இல்லை. ஸ்டாக்ஹோமின் ஓம்னிபொல்லோவும் இங்கிலாந்தின் பக்ஸ்டன் ஆலையும் சேர்ந்து காய்ச்சிய யெல்லோ பெல்லி என்ற ஸ்டவுட்டுக்கு அவர்கள் கொடுத்த விளக்கமே, பிஸ்கட் இல்லாத, வெண்ணெய் இல்லாத, கடலை இல்லாத பீநட் பட்டர் பிஸ்கட் ஸ்டவுட் என்பதுதான். வறுத்த மால்ட், லாக்டோஸ், வாசனைப் பொருள், இவை மூன்றும் சேர்ந்தால் நம் மூளையே அங்கே ஒரு பிஸ்கட்டைச் சுட்டு வைத்துவிடும்.

முதல் கேன் எதை வாங்கலாம்

எடுத்த எடுப்பில் 13, 14 சதவீத பீருக்குப் போக வேண்டாம். இரண்டு படியாகப் போவதுதான் நல்லது என்பது என் அனுபவம்.

முதல் படி, வாசனைப் பொருள் எதுவும் சேர்க்காத ஒரு ஸ்டவுட். அமெரிக்காவில் இருப்பவர்களுக்குக் கொலராடோவின் லெஃப்ட் ஹேண்ட் மில்க் ஸ்டவுட் எளிதாகக் கிடைக்கும், 6 சதவீதம். இலங்கையில் இருந்தால் கையெட்டும் தூரத்திலேயே லயன் ஸ்டவுட் இருக்கிறது. நுவரெலியாவில் பிறந்து இப்போது பியகமவில் காய்ச்சப்படும் பீர். 8.8 சதவீதம், கோகோவும் கருகிய சர்க்கரையும் கலந்த ருசி. வெளிநாட்டு பீர் எழுத்தாளர்கள் தேடி வந்து பாராட்டிய சரக்கு அது. இதில் ஒன்றை முதலில் குடித்துப் பார்த்தால், வறுத்த மால்ட்டே சாக்லேட்டாகவும் காப்பியாகவும் மணக்கும் என்பது புரியும். பிறகு டெசர்ட் பீரைக் குடிக்கும்போது மால்ட்டிலிருந்து வந்தது எது, பின்னால் சேர்த்தது எது என்று பிரித்துப் பார்க்க ஒரு அளவுகோல் கையில் இருக்கும்.

இரண்டாவது படிக்கு நான் யாருக்கும் பரிந்துரைப்பது சதர்ன் டியர் ஆலையின் க்ரெம் ப்ரூலே ஸ்டவுட். நியூயார்க் மாநிலத்தின் மேற்கு மூலையில் லேக்வுட் என்ற ஊரில் காய்ச்சுகிறார்கள். லாக்டோஸும் வனிலாவும் சேர்த்த இம்பீரியல் மில்க் ஸ்டவுட், சுமார் 10 சதவீதம். க்ரெம் ப்ரூலே என்பது பாலேட்டையும் முட்டை மஞ்சள் கருவையும் சேர்த்து வேகவைத்து, மேலே சர்க்கரை தூவி, அதை நெருப்பால் கருக்கிப் பரிமாறும் பிரெஞ்சு இனிப்பு. கீழே குளுகுளுவென்று கஸ்டர்ட், மேலே கண்ணாடி போல உடைகிற கருகிய பாகு. இனிப்புக்கும் கருகலுக்கும் நடக்கிற இழுபறிதான் அந்தப் பலகாரம். அதனாலேயே பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான பீர் எனக்குத் தெரியவில்லை. இனி வரும் படிகளை இந்த பீரை மனதில் வைத்தே எழுதுகிறேன். வேறு எந்த டெசர்ட் ஸ்டவுட்டுக்கும் இதே முறைதான்.

வாங்கும்போது லேபிளில் மூன்றைப் பாருங்கள். ஆல்கஹால் எத்தனை சதவீதம், கேனில் அடைத்த தேதி, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்களுக்கு லாக்டோஸ் பீரும் அதையே செய்யும். கொட்டை வகை ஒவ்வாமை இருந்தால் பெயரை நம்பாமல் பொருள் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இந்த வகையே ஏற்றதல்ல.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 10 சதவீத பீர் 355 மில்லி என்றால் அதில் 35.5 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது. நம் ஊர் 650 மில்லி பெரிய பாட்டில், 5 சதவீதம் என்றால், 32.5 மில்லிதான். ஆக அந்தச் சின்ன கேன் ஒரு பெரிய பாட்டிலைவிடக் கூடுதல். இனிப்பு அதை மறைத்துவிடுவதால் ஏறுவது தெரியாது. ஒரு கேனை மூன்று நான்கு பேராகப் பகிர்ந்தால் ஆளுக்கு 90 மில்லி அல்லது 120 மில்லி வரும். ருசிக்க அது தாராளம். வண்டி ஓட்டுகிறவர் அன்றைக்கு முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

திறப்பதற்கு முன்

குளிர்தான் இந்த பீருக்கு எதிரி. ஃப்ரிட்ஜுக்குள் 4 டிகிரி செல்சியஸ் இருக்கும். அந்தக் குளிரில் வாசனை எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். ஆரம்பிக்க 8 டிகிரி, நன்றாக ருசிக்க 10 முதல் 13 டிகிரி. குளிர் நாட்டு வீட்டில் கேனை வெளியே எடுத்து 25 நிமிடமாவது வையுங்கள். சென்னை மே மாதத்தில் 10 நிமிடம் போதும்.

கிளாஸ் வாய்ப்பக்கம் குறுகியும் வயிறு அகன்றும் இருக்க வேண்டும். பிராந்தி கிளாஸ் இருந்தால் பிரமாதம், ஒயின் கிளாஸும் சரிதான். நேரான டம்ளரில் வாசனை தங்காது. சோப்பு வாசனை கொஞ்சமும் இருக்கக் கூடாது. கழுவியபின் வெந்நீரில் அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள்.

அப்புறம் அறை. ஊதுபத்தி, சாம்பிராணி, தாளிப்பு, சென்ட், இவை எதுவும் வேண்டாம். வத்தக்குழம்பு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. சாப்பாட்டுக்கு முன்னால் செய்யுங்கள், வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம். உப்பில்லாத பிஸ்கட்டோ வெறும் ரொட்டியோ இரண்டு, ஒரு சொம்பு தண்ணீர், போதும்.

முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். ஒருவர் மட்டும் லேபிளைப் பார்க்கட்டும், மற்றவர்களுக்குக் காட்டாமல் ஊற்றித் தரட்டும். கஸ்டர்ட் என்று படித்துவிட்டால் மூளை கஸ்டர்டைத்தான் தேடும், வேறு எதுவும் கண்ணில் படாது. பெயர் தெரியாமல் குடித்த ஒரு தோழி இதே பீரை, கருப்பட்டிக் காப்பியில் யாரோ பால்பவுடர் கொட்டிவிட்டார்கள் என்றாள். அவ்வளவு துல்லியமாக நான் சொல்லியிருக்க மாட்டேன், ஏனென்றால் எனக்குப் பெயர் தெரிந்திருந்தது.

ஊற்றுவது

கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, ஊற்ற வேண்டியதில் பாதியை மெதுவாக, மீதியை நிமிர்த்தி நடுவில். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், சுழற்ற இடம் வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவாது. ஓரத்தில் மட்டும் நாவல் பழச்சாறு போலச் சிவப்பு தெரியலாம். நுரை வெள்ளையாக இருக்காது, காப்பி நுரை நிறத்தில் இருக்கும். அது ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டால் பீரைக் குறை சொல்ல வேண்டாம். ஆல்கஹால் கூடுதலாக இருந்தாலும், கோகோ, தேங்காய் போன்றவற்றின் எண்ணெய் கலந்திருந்தாலும் நுரை நிற்காது.

மூக்கு

இங்கேதான் அவசரப்படாமல் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த பீரில் பாதி சுகம் மூக்கில்தான்.

ஊற்றியவுடன், சுழற்றாமல், கிளாஸை மூக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஒரு முறை முகருங்கள். முதலில் மேலெழும்புகிற வாசனை எதுவோ அதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். க்ரெம் ப்ரூலே ஸ்டவுட்டில் அது அநேகமாக வனிலாதான். இப்போது உள்ளங்கையால் கிளாஸை மூடி, மூன்று நான்கு முறை சுழற்றுங்கள். கையை எடுத்ததும் மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு, நீண்ட மூச்சாக இல்லாமல், நாய் மோப்பம் பிடிப்பது போலச் சின்னச் சின்னதாக மூன்று முகர்வு. நிறுத்துங்கள். உங்கள் புறங்கையையோ சட்டைக் கையையோ முகர்ந்து மூக்கைத் தெளியவைத்துவிட்டு மறுபடி. ஒரே வாசனையை விடாமல் முகர்ந்தால் அரை நிமிடத்தில் மூக்கு அதைக் கைவிட்டுவிடும்.

இரண்டாம் சுற்றில் வனிலாவைத் தெரிந்தே ஒதுக்கிவையுங்கள். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? பெரும்பாலான புதியவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். அமெரிக்க பீர் குறிப்புகளில் மார்ஷ்மெல்லோ, டாஃபி, கிரஹாம் கிராக்கர் என்றெல்லாம் எழுதியிருக்கும். அவற்றைச் சின்ன வயதில் சாப்பிடாத நமக்கு அந்தச் சொற்களால் ஒரு பயனும் இல்லை. உங்கள் அடுப்படியிலிருந்து சொல் எடுங்கள். கருப்பட்டி உருகும் வாசனையா, வெல்லப்பாகு வாசனையா? இரண்டும் வேறு வேறு, உங்கள் மூக்குக்கு அது தெரியும். திரட்டுப்பாலா, காய்ச்சிய பாலின் ஆடையா? கடலை மிட்டாயா, வறுத்த முந்திரியா? மாரி பிஸ்கட்டை டீயில் நனைத்த வாசனையா? பேரீச்சையா, காய்ந்த திராட்சையா? காப்பி என்றால் முதல் டிகாக்ஷனா, இரண்டாம் டிகாக்ஷனா, அரைக்கும்போது கடை வாசலில் வரும் வாசனையா?

இந்த ஒப்பீடுகளுக்குக் காரணமும் இருக்கிறது. பாலைச் சுண்டக் காய்ச்சும்போது அதிலுள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகின்றன. மால்ட்டை வறுக்கும்போது நடப்பதும், காப்பிக்கொட்டையை வறுக்கும்போது நடப்பதும் அதே வகை வேதிவினை. மயார் வினை என்பார்கள். அதனால் ஸ்டவுட்டில் பால்கோவா மணக்கிறது என்று நீங்கள் சொன்னால் அது கற்பனை இல்லை.

மேப்பிள் சிரப் சேர்த்த பீர் கிடைத்தால் நம் மூக்குக்கு ஒரு சலுகை உண்டு. வெந்தயத்தில் இருக்கும் சோடோலோன் என்ற பொருள்தான் மேப்பிள் சிரப் வாசனைக்கும் அடிப்படை. 2005 முதல் சில ஆண்டுகள் மன்ஹாட்டன் தெருக்களில் அவ்வப்போது மேப்பிள் சிரப் வாசனை வீசி மக்களைக் குழப்பியது. 2009-இல் நகர நிர்வாகம் தேடிக் கண்டுபிடித்தபோது, பக்கத்து நியூ ஜெர்சியில் ஒரு வாசனைப் பொருள் ஆலை வெந்தயத்தைப் பதப்படுத்தியதுதான் காரணம் என்று தெரிந்தது. மேப்பிள் எப்படி மணக்கும் என்று தெரியாதவர்கள், வெறும் வாணலியில் நாலு வெந்தயத்தை வறுத்து முகர்ந்துவிட்டு வாருங்கள்.

முதல் வாய்

முதல் மிடறை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அது நாக்கைப் பழக்குவதற்கு. ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து, வாய் முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள். ஒயின் ருசிப்பவர்கள் போலத் துப்ப வேண்டாம். விழுங்கிய பிறகு தொண்டைப் பக்கம் தங்கும் கசப்பு இதில் முக்கியம்.

இரண்டாவது மிடறுக்கு ஒரு சோதனை. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு குடியுங்கள். இனிப்பும் கசப்பும் மட்டும் தெரியும், ஏதோ சர்க்கரைத் தண்ணீர் போல. விழுங்கிவிட்டு, வாயை மூடியபடியே மூக்கை விட்டு மூச்சை வெளியே விடுங்கள். வனிலா, சாக்லேட், கருகிய பாகு எல்லாம் ஒரே அலையாக வந்து நிறையும். பழக்கத்தில் நாம் வனிலாவை ஓர் இனிப்பு ருசி என்றே நினைக்கிறோம். உண்மையில் வனிலாவுக்கு நாக்கில் ருசியே இல்லை, அது முழுக்க மூக்கின் வேலை. இந்தச் சோதனையை வீட்டுக்கு வரும் புதியவர்கள் எல்லோருக்கும் செய்யச் சொல்கிறேன். ஒரு முறை செய்தவர்கள் அப்புறம் எதைச் சாப்பிட்டாலும் மூச்சை வெளியே விட்டுப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது மிடறில் கனத்தைக் கவனியுங்கள். தண்ணீர் போல ஓடுகிறதா, பாகு போல நாக்கில் இழுபடுகிறதா? தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால், நொதித்து முடிந்த சாதாரண லாகர் பீரின் அடர்த்தி 1.010 அளவில் இருக்கும், அதாவது தண்ணீரைவிட ஒரு துளி கூடுதல். டெசர்ட் ஸ்டவுட்களில் சில 1.040-ஐயும் தாண்டும். ஈஸ்ட் தின்னாமல் விட்ட சர்க்கரைதான் அந்தக் கனம். பாகு பதம் பார்த்துப் பழகிய கைகளுக்கு இதைச் சொல்வது சுலபம். பிசுபிசுப்புப் பதத்தில் இருந்தால் அழகு. ஒரு கம்பிப் பதத்துக்குப் போய்விட்டால் எனக்கு அது பீர் இல்லை.

இப்போது விழுங்கிவிட்டு, மனதுக்குள் முப்பது வரை எண்ணுங்கள். வாயில் என்ன மிச்சம் இருக்கிறது? முதலில் இனிப்பு விலகும். அப்புறம் வறுத்த மால்ட்டின் கசப்பும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் மெதுவாக மேலே வரும். கடைசியில் நாக்கின் ஓரங்களில் லேசான துவர்ப்பு. இந்த மூன்றும் இந்த வரிசையில் வந்தால் காய்ச்சியவர் கைதேர்ந்தவர். பாயசத்தில் போடுகிற ஒரு சிட்டிகை உப்பைப் போலத்தான் இந்தக் கசப்பும். அது இருப்பதால்தான் அடுத்த மிடறு வேண்டியிருக்கிறது. முப்பது எண்ணிய பிறகும் இனிப்பு மட்டுமே அப்பிக்கொண்டிருந்தால், இரண்டாவது மிடறிலேயே திகட்டிவிடும். அப்படிப்பட்ட பீர்கள் நிறைய இருக்கின்றன. பெயர் எவ்வளவு ஆசை காட்டினாலும் நான் அவற்றை இரண்டாம் முறை வாங்குவதில்லை.

காத்திருப்பது

கிளாஸில் பாதியை மிச்சம் வைத்துக் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். பேசிக்கொண்டிருங்கள், தண்ணீர் குடியுங்கள். பிறகு மூக்கிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். சூடு ஏற ஏற வாசனை அதிகமாக எழும்பும், நாக்குக்கு இனிப்பும் கூடுதலாகத் தெரியும். அதனால் நல்ல பீருக்கும் சுமாரான பீருக்கும் வித்தியாசம் இந்த இரண்டாம் சுற்றில்தான் வெளிப்படும். குளிரில் ஒளிந்திருந்த அதிக இனிப்பும், தொண்டையை எரிக்கும் சாராய நெடியும் இங்கே வெளியே வந்துவிடும். நன்றாகக் காய்ச்சிய பீரோ இங்கேதான் விரியும்.

சமையலறைத் தெர்மாமீட்டர் வைத்து ஒரு முறை நான் எழுதிய குறிப்பை அப்படியே தருகிறேன். "5 டிகிரி: வனிலா எசென்ஸ் மட்டும். வாயில் இனிப்பு, வேறெதுவும் இல்லை. 9 டிகிரி: காய்ச்சிய பால் ஆடை, மாரி பிஸ்கட். கசப்பு எட்டிப் பார்க்கிறது. 12 டிகிரி: கருகிய பாகு, முதல் டிகாக்ஷன், கொஞ்சம் பேரீச்சை. இனிப்பும் கசப்பும் சரிபாதி. 16 டிகிரி: சாராய நெடி, வனிலா திகட்டுகிறது. எனக்கு 12." உங்களுக்கு அது 10 ஆக இருக்கலாம், 14 ஆகவும் இருக்கலாம். ஒரு முறை அளந்து பார்த்துவிட்டால் அப்புறம் கிளாஸைத் தொட்டே சொல்லிவிடுவீர்கள்.

கெட்டுப்போனதா, அப்படித்தானா?

இனிப்பு நிறையக் குறைகளை மூடிவிடும், அதனால் இதற்குக் கொஞ்சம் கூர்மை வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. சோயா சாஸ் போல உப்பும் இறைச்சியுமாக ஒரு வாசனை வந்தால் ஈஸ்ட் செத்துச் சிதைந்திருக்கிறது, அல்லது பீர் வெகுநாள் கிடந்திருக்கிறது. காப்பி சேர்த்த பீரில் குடைமிளகாய் வாசனை அடித்தால் அந்தக் காப்பிக்கு வயதாகிவிட்டது. சினிமா தியேட்டர் பாப்கார்ன் போல வெண்ணெய் வாசனை வந்தால் அது நொதித்தலில் வந்த குறையாக இருக்கலாம். க்ரெம் ப்ரூலே போன்ற பீரில் இதைப் பிரித்தறிவது மிகக் கடினம், எனக்கும் பல முறை தடுமாற்றம் வந்திருக்கிறது. எதிர்பாராத புளிப்பு வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

வனிலா, தேங்காய், காப்பி இவற்றின் வாசனை மாதங்களில் மங்கிவிடும். கனமான இம்பீரியல் ஸ்டவுட்டை ஆண்டுக்கணக்கில் இருட்டில் வைத்துக் குடிக்கிறவர்கள் உண்டு. டெசர்ட் பீரை அப்படிச் சேமிக்காதீர்கள், வாங்கிய சில மாதங்களுக்குள் குடித்துவிடுங்கள். பழக்கூழ் சேர்த்த இனிப்புப் புளிப்பு பீர்கள் இன்னொரு ரகம். அவற்றை எப்போதும் ஃப்ரிட்ஜிலேயே வையுங்கள். பழத்தின் சர்க்கரை கேனுக்குள்ளேயே மறுபடி நொதித்து, கேன் வெடித்த சம்பவங்கள் உண்டு.

கூட என்ன சாப்பிடலாம்

ருசித்து முடிக்கும் வரை எதுவும் வேண்டாம். முடிந்த பிறகு, இனிப்புக்கு இனிப்பு சேர்க்காதீர்கள். குலாப் ஜாமூன் சாப்பிட்டுவிட்டு இதைக் குடித்தால் பீரின் இனிப்பு காணாமல் போய், வெறும் கருகல் காரல்தான் மிஞ்சும். உப்பும் கொழுப்பும்தான் இதற்கு ஜோடி. உப்பு போட்டு வறுத்த முந்திரி, நெய் முறுக்கு, மேல்நாட்டில் என்றால் நீலப் பூஞ்சைச் சீஸ். 70 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள கறுப்புச் சாக்லேட் ஒரு துண்டு நாக்கில் கரையும்போது ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். மிளகு தூவிய முந்திரியோடு எனக்குத் தனிப் பிரியம். காரம் விரும்புகிறவர்கள் பிற்பாடு ஃப்ளோரிடாவின் சிகார் சிட்டி ஆலையின் ஹூனாபூஸ் ஸ்டவுட்டைத் தேடிப் பாருங்கள். கோகோ, வனிலா, பட்டையோடு மெக்சிகோ மிளகாய்களும் சேர்த்த பீர் அது.

குறிப்பு எழுதுவது

இரண்டு வரி போதும். தேதி, பெயர், மூக்கில் பட்டது, வாயில் பட்டது, முப்பது எண்ணிய பின் மிஞ்சியது. அமெரிக்காவில் பீர் போட்டி நடுவர்களுக்குப் பயிற்சி தரும் பிஜேசிபி அமைப்பின் தாளில் மொத்தம் 50 புள்ளி. அதில் வாசனைக்கு 12, தோற்றத்துக்கு வெறும் 3, ருசிக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கவனம் தர வேண்டும் என்று தெரிந்துகொள்ள இந்தப் பங்கீடு எனக்கு உதவியது. புள்ளி போடுவதை ஆரம்பத்தில் விட்டுவிடுங்கள். சொற்களை மட்டும் எழுதுங்கள், உங்கள் வீட்டுச் சொற்களாகவே எழுதுங்கள்.

குடித்து முடித்த கிளாஸை உடனே கழுவிவிட வேண்டாம். அடியில் ஒட்டிய நாலு துளி காயும்வரை பத்து நிமிடம் விட்டுவைத்து, பிறகு மூக்கை உள்ளே விட்டு முகருங்கள். ஆல்கஹால் பறந்துபோயிருக்கும், வனிலாவும் பெரும்பாலும் போயிருக்கும். கோகோவும் கருகிய சர்க்கரையும் காப்பிப்பொடி டப்பாவைத் திறந்தது போல அங்கே தனியாக இருக்கும்.